பதில்: பிரேக் போட்டால் கேன் முன்னால் ஓடுகிறது

அண்ணா, சத்துவாச்சாரியிலிருந்து குட்டியானையில் தண்ணீர் கேன் ஏற்றிப்போகும்போது, கிரீன் சர்க்கிள் பக்கம் பிரேக் போட்டால் கேன்கள் கேபினில் வந்து இடிக்கின்றன, நிறை கேன் கனமாச்சே, அது ஏன் நகர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேனை யாரும் முன்னால் தள்ளவில்லை. வண்டி நிற்கிறது; கேன் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. நியூட்டனின் முதல் விதி அவ்வளவுதான். அதை நிறுத்த வேண்டியது வண்டித் தரையின் உராய்வு.

40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 3 விநாடியில் நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். 20 கிலோ கேனுக்கு சுமார் 74 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) விசை வேண்டும். தகரத் தரையில் உராய்வுக் கெழு (கேனின் எடையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்ற எண்) 0.3 என்றால் அதிகபட்சம் 59 தான் கிடைக்கும். சறுக்காமல் என்ன செய்யும்? கனம் கூடினால் உராய்வு கூடும், வாஸ்தவம்தான். ஆனால் நிறுத்தத் தேவையான விசையும் அதே அளவு கூடிவிடுகிறது. அதனால் நிறை கேனும் காலி கேனும் ஒரே மாதிரிதான் சறுக்கும். இடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்!

அதே வேகத்தை 5 விநாடியில் குறைத்தால் 44 நியூட்டன் போதும், கேன் அசையாது. ஆனால் ஆட்டோ குறுக்கே வந்தால் 5 விநாடிக்கு எங்கே போவது? அதனால் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். கேன்களைக் கேபின் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கி, கயிறு கட்டுங்கள். அப்புறம், தரை ஈரமாக இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.