டோரி என்ற பேரில் வரும் மெக்கொங் கெளுத்தி

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் ‘டோரி’ என்று எழுதிய உறைந்த மீன் பக்கெற் வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பங்காசியஸ் ஹைபோப்தால்மஸ், வியட்நாம்’ என்று இருக்கிறது. இது கெளுத்திதான் என்கிறா மச்சாள். நான் ஏமாந்துவிட்டேனா? மகனின் மீன்தொட்டிக்கு வாங்கிய ‘ஷார்க்’ குஞ்சுக்கும் கடைக்காரர் இதே மாதிரி ஒரு பேர் சொன்னாரே?

பதில்: மச்சாள் சொன்னது சரி. உண்மையான ஜோன் டோரி கடல் மீன். தட்டையான உடம்பு, விலாவில் ஒரு கரும்புள்ளி. உங்கள் பக்கெற்றில் இருப்பது மெக்கொங், சாவோ பிராயா ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி. வியட்நாமில் குளங்களில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். சாப்பிடக் கெடுதலான மீன் இல்லை. ஆனால் கடல் மீனின் பேர் முன்னால் கொட்டை எழுத்தில், சொந்தப் பேர் பின்னால் பொடி எழுத்தில் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பேர்களும் குழப்பும். பங்காசியஸ் ஹைபோப்தால்மஸ், பங்காசியானோடொன் ஹைபோப்தால்மஸ், பங்காசியஸ் சுட்சி மூன்றும் ஒரே மீன்தான். இப்போது செல்லுபடியாவது நடுவில் உள்ள பேர். ‘பாசா’ மட்டும் வேறு இனம், பங்காசியஸ் பொக்கூர்ட்டி. ஆனால் கடைகளில் பாசா என்று விற்பதிலும் பெரும்பாலானது உங்கள் மீனேதான்.

தோலும் தலையும் போன துண்டைக் கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது. முழு மீன் என்றால் மீசையையும் முதுகையும் பாருங்கள். பங்காசியஸுக்கு இரண்டு சோடி மீசை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வாலை ஒட்டி, முள்ளில்லாத சின்னக் கொழுப்புத் துடுப்பு ஒன்று இருக்கும். நம் ஆற்று வாளைக்கும் இரண்டு சோடி மீசைதான், ஆனால் அந்தக் கொழுப்புத் துடுப்பு கிடையாது. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும். நாட்டுக் கெளுத்திக்கு நான்கு சோடி மீசை, கொழுப்புத் துடுப்பும் உண்டு. சிங்களத்தில் மகுரா என்று சொல்லும் கெளுத்தி வகைக்கு முதுகு நெடுக ஒரே துடுப்பு. ஹுங்கா என்று சொல்லும் இன்னொரு கெளுத்தி வகைக்கு முதுகில் துக்குணித் துடுப்பு மட்டும். அதன் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, கழுவும்போது கை கவனம்.

அப்புறம், விலையை ஒப்பிடும்போது பனிப்பூச்சு (மீன் துண்டின் மேல் உறையவைத்த தண்ணீர்ப் படலம்) நீங்கிய நிகர எடையைப் பாருங்கள். உருகியதும் பாதி தண்ணீராக ஓடினால், ரசீதையும் பக்கெற்றையும் எறியாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

மகனின் ‘ஷார்க்’? அது சுறாவே இல்லை. அனேகமாக நீங்கள் பொரித்துச் சாப்பிட்ட அதே இனத்தின் குஞ்சு! ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது, வீட்டுத் தொட்டி தாங்காது. இப்போதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். இரக்கப்பட்டு வெள்ளவத்தைக் கால்வாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்நிய மீனை நம் நீரில் விடக் கூடாது.