சைக்கிள் கேள்வி–பதில்: கார்பன் ஃபிரேமை ரேக்கில் ஏற்றும்போது

கேள்வி: என் காரின் மேலே உள்ள ரேக், சைக்கிளின் ஃபிரேமைக் கவ்விப் பிடிக்கும் வகை. அலுமினிய சைக்கிளை அதில்தான் ஏற்றிச் செல்வேன். இப்போது கார்பன் ஃபைபர் சைக்கிள் வாங்கிவிட்டேன். கவ்வும் இடத்தில் துணி சுற்றினால் போதுமா?

போதாது. துணி பெயின்ட்டைக் காப்பாற்றும், குழாயைக் காப்பாற்றாது. ஓட்டும்போது விசை எந்தத் திசையில் வருமோ, அதற்கு ஏற்றபடிதான் கார்பன் இழைகளை அடுக்குகிறார்கள். இரண்டு பக்கமும் வைத்து நெரிப்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. மேல் குழாயின் நடுப்பகுதி மிக மெல்லியது. கிளாம்ப் போய் உட்காருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

திருகை மெதுவாக முடுக்கினாலும் பயனில்லை. வளைவிலும் பள்ளத்திலும் சைக்கிள் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் முழுவதையும் கவ்விய இரண்டு அங்குலம்தான் தாங்க வேண்டும். அலுமினியம் நசுங்கினால் பள்ளம் தெரியும். கார்பனில் உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் மேலே பெயின்ட் பளபளவென்றே இருக்கும்.

சக்கரங்களை மட்டும் பிடிக்கும் ரேக்குக்கு மாறிவிடுங்கள். இரண்டு டயரையும் தட்டில் வைத்து, கொக்கிக் கையை முன் டயரின் மேல் இறக்கி முடுக்க வேண்டும். கொக்கி டயரை மட்டுமே அழுத்த வேண்டும். ஃபோர்க்கிலோ (முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை) பிரேக்கிலோ உரசக் கூடாது. பின் சக்கரத்துக்குத் தனி ஸ்ட்ராப் உண்டு. ரிம்மும் கார்பன் என்றால், ஸ்ட்ராப்புக்கு அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். முதலில் ரிம்மைத் துடைத்துவிடுங்கள்: இடையில் மணல் சிக்கினால், நூறு கிலோமீட்டருக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். தண்ணீர் பாட்டில், பம்ப், பை எல்லாம் காருக்குள் போகட்டும். கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஸ்ட்ராப்புகளை இழுத்துப் பாருங்கள். முதல் தளர்வு அதற்குள் வந்துவிடும்.

இன்னொன்று: சைக்கிளோடு சேர்த்துக் காரின் உயரத்தை அளந்து, கண்ணில் படும்படி ஸ்டியரிங் அருகே ஒட்டி வையுங்கள். தாழ்வான பார்க்கிங் வாசலில் மாட்டிக்கொண்டால் எந்த ரேக்கும் காப்பாற்றாது.

கேள்வி: முன் சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை மாட்டும் ரேக் பரவாயில்லையா?

சைக்கிள் நிறுவனத்தின் கையேடு தடுக்கவில்லை என்றால் சரி. டிஸ்க் பிரேக் உள்ள ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் 12 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. அகலமும் கொண்ட த்ரூ ஆக்சில்தான், அதாவது சக்கரத்தின் நடுவே ஊடுருவி ஃபோர்க்கில் திருகப்படும் அச்சு. மெல்லிய அச்சை லீவரால் இறுக்கும் பழைய குயிக் ரிலீஸ் முறைக்கான ரேக்கில் அது உட்காராது. அதே அளவுக்கான அடாப்டர் வேண்டும். ஃபோர்க்கின் இரண்டு காலும் சமமாக உட்கார்ந்த பிறகே முடுக்குங்கள். பின் ஸ்ட்ராப் தளர்ந்திருந்தால் வால் பக்கம் ஆடி, ஃபோர்க்கின் நுனியை முறுக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், டிஸ்க்கைக் கவ்வும் பேடுகளுக்கு நடுவே ஸ்பேசரை (இடைவெளியைக் காக்கும் துண்டு) செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது லீவர் அழுந்தினால் பேடுகள் நெருங்கிவிடும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது.

கேள்வி: காரின் பின்னால் மாட்டும் ரேக்கில் ஏதாவது ஆபத்து உண்டா?

சைலன்சர். அதன் வாய்க்கு நேராகச் சக்கரம் நின்றால் டயர் வெடிக்கலாம், கார்பன் ரிம்மின் பிசின் இளகலாம். இரண்டு சைக்கிள் ஏற்றினால் ஒன்றின் பெடல் மற்றதன் ஃபிரேமைக் குத்தும். உள்பக்கப் பெடலைக் கழற்றிவிடுங்கள். நடுவில் ஃபோம் குழாய் மாட்டுவது அதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி: இறக்கிய பிறகு விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிரேமைத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பிறகு நாணயத்தால் குழாய் நெடுக மெல்லத் தட்டுங்கள். ஒரே குழாயில் ஓரிடம் மட்டும் மழுங்கிய சத்தம் தந்தால் சந்தேகம்தான். குழாயின் தடிமன் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால், மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால், கார்பன் ரிப்பேர் செய்பவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்ட வேண்டாம்.