பதினேழு வயதில் “பீர் மட்டும்” குடிப்பதில் ஆபத்து இல்லையா?

கேள்வி கேட்டவர், தம்முடைய பதினேழு வயதுத் தம்பி நண்பர்களுடன் பீர் மட்டுமே குடிப்பதாகவும், பிராந்தி, விஸ்கியைத் தொடுவதில்லை என்பதால் கவலைப்பட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். கவலைப்பட வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு, எத்தனால் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து எழும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். அதனால் அவர்களுக்குச் சொல்வதைப் போலக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் இளைஞர்கள் விரும்பி வாங்கும் ஸ்ட்ராங் பீரில் 8 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கலாம். அத்தகைய 650 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 41 கிராம் எத்தனால் இருக்கும். 42.8 விழுக்காடு கொண்ட பிராந்தியில் 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜ், ஏறத்தாழ 20 கிராம். ஆக, “பீர்தான் குடித்தேன்” என்பவர் இரண்டு லார்ஜ் பிராந்தி குடித்திருக்கிறார். குமிழியும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடுகின்றன.

உள்ளே போன எத்தனாலைக் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் சிதைக்கும். காபியோ மோரோ எலுமிச்சைச் சாறோ குளிர்ந்த நீர்க் குளியலோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. 50 கிலோ எடையுள்ள ஒரு பையன் அந்த ஒரு பாட்டிலை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால், வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவான 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பதைப் போல மூன்று மடங்கை அவன் எட்டக்கூடும். வீட்டுக்குத் தெரியாமல் குடிப்பவர்கள் பெரும்பாலும் அவசரமாகவும் வெறும் வயிற்றிலும் குடிக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லீரல் கெடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று இளைஞர்கள் தைரியமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு உடனடி ஆபத்து அன்றைய இரவிலேயே இருக்கிறது. படுத்த பின்னரும் வயிற்றில் எஞ்சியிருப்பது இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், “தூங்கினால் தெளிந்துவிடும்” என்று நண்பர்கள் விட்டுச் செல்லும் நேரத்தில்தான் சில சமயம் நிலைமை மோசமாகிறது. மூச்சு மெதுவாகலாம், மயக்கத்தில் வரும் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கலாம். எழுப்பியும் எழாதவரை, மூச்சு சீராக இல்லாதவரை, உடல் சில்லிட்டுப்போனவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108க்கு அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில் நண்பர்கள் இந்த அழைப்பைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது; எனவே தம்பியைக் கண்டிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

நீண்டகால விளைவும் உண்டு. விளைவை எண்ணிப் பார்க்கவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. குடிப்பழக்கம் எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறதோ, பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் வாய்ப்பு அவ்வளவு கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான வயது 21. ஆகவே அந்தப் பாட்டிலை யாரோ ஒரு பெரியவர் வாங்கித் தருகிறாரா என்பதையும் விசாரியுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மது கொடுப்பது, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம்.