சாய்ந்து மிதிப்பதா, நிமிர்ந்து மிதிப்பதா? வீட்டுச் சைக்கிள் கேள்விகளும் என் பதில்களும்

இயன்மருத்துவத்தில் வேலை செய்கிறவன் என்பதால், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள் பற்றிய இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. முதுகுச் சாய்மானத்தோடு வருவது ரிகம்பென்ட். றோட்டுச் சைக்கிள் போல ஏறி இருப்பது அப்ரைட்.

அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, நாரிப் பிடிப்பு. எது வாங்கலாம்? (வெள்ளவத்தை)

ரிகம்பென்ட். கதிரையில் இருப்பதுபோல் இருந்து முன்னுக்குள்ள பெடலை மிதிக்கலாம். நாரிக்கும் மணிக்கட்டுக்கும் பாரம் குறைவு. ஆனால் நான் முதலில் பார்ப்பது ஏறி இறங்குவதைத்தான். என் அம்மாவுக்கு அப்ரைட் வாங்கிக் கொடுத்துப் பட்டது போதும். சட்டத்துக்கு மேலால் காலைத் தூக்கிப் போட வேண்டும். ஒருநாள் சோட்டியின் கரை பெடலில் மாட்டிக்கொள்ள, கைப்பிடியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

வாங்கமுன் அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போங்கள். சில ரிகம்பென்டில் இருக்கை மிகவும் பதிவு. இருப்பது சுகம், எழும்புவதுதான் பாடு. கைபிடிக்காமல் எழும்ப முடிகிறதா என்று பாருங்கள்.

எனக்கு 32. சின்னத் தொடர்மாடி வீடு. வயிறு குறைய எது நல்லது? (கொட்டாஞ்சேனை)

வயிற்றை மட்டும் குறைக்கிற சைக்கிள் இல்லை. வருத்தம் ஒன்றும் இல்லையென்றால் அப்ரைட் எடுங்கள். எழும்பி நின்றும் மிதிக்கலாம். ரிகம்பென்ட் ஏறக்குறைய ஐந்தடி நீளம் பிடிக்கும், அப்ரைட்டுக்கு மூன்றரை அடி போதும். லிப்டையும் அளந்து பாருங்கள்.

அப்ரைட் வாங்கி இரண்டு கிழமை. முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மாற்றி ரிகம்பென்ட் எடுக்கவா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் இருக்கை பதிவாக இருக்கும். முழங்கால் கூடுதலாக மடிந்தபடி மிதித்தால் சிரட்டை எலும்புக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். ஏறி இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும், அதுதான் அளவு. இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் கூடிப்போயிற்று. பெடலின் இறுக்கத்தையும் குறையுங்கள். ரிகம்பென்டிலும் இதே கணக்குத்தான், அங்கே இருக்கையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ள வேண்டும். சரிசெய்த பிறகும் வலித்தாலோ வீங்கினாலோ காட்டுங்கள்.

மீட்டரில் 300 கலோரி என்கிறது. நம்பலாமா?

வேண்டாம். உங்கள் நிறையைக்கூடக் கேட்காத மெஷின் அது. நிமிடங்களை எண்ணுங்கள், கிழமைக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு.

அப்பா பீட்டா புளொக்கர் குளிசை எடுக்கிறார். எவ்வளவு வேகம் சரி? (பம்பலப்பிட்டி)

முதலில் அவருடைய டொக்டரிடம் கேளுங்கள். அந்தக் குளிசை நாடித்துடிப்பை ஏற விடாது, ஆகவே மீட்டரின் துடிப்புக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. மிதித்தபடி கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

கடற்கரைப் பக்கம் வீடு. பல்கனியில் வைக்கலாமா? (தெஹிவளை)

உப்புக்காற்று ஆணியிலிருந்து தொடங்கித் தின்றுவிடும். உள்ளே, ஃபேனுக்கு நேரே வையுங்கள். மிதித்து முடிந்ததும் வியர்வையைத் துடையுங்கள், அதிலும் உப்புத்தான்.