மின்சாரம் விற்பவரே சிக்கனம் சொல்வது ஏன்?

கேள்வி: மின்சாரம் விற்றே வருவாய் ஈட்டும் நிறுவனம், வீட்டைச் சோதிக்க ஆளனுப்பி, மின்செலவைக் குறைக்க மானியமும் தருகிறது. அதற்கு இதில் என்ன ஆதாயம்? நம்பலாமா?

பதில்: நியாயமான சந்தேகம். கடும் வெயில் நாளில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் குளிர்சாதனத்தை ஓட்டும்போது எழும் உச்சத் தேவையைச் சமாளிக்கவே புதிய மின்நிலையங்களும் மின்மாற்றிகளும் பெரும்பாலும் தேவைப்படுகின்றன. ஆண்டில் சில மணி நேரமே முழுமையாக உழைக்கும் அவற்றில் பணத்தை முடக்குவதைவிட, வீடுகளின் தேவையைக் குறைக்கப் பணம் கொடுப்பது பல சமயம் மலிவாக முடிகிறது.

ஆனால் விற்பனை குறைந்தால் வருவாயும் குறையுமே? இதற்காகத்தான் கலிபோர்னியாவில் 1982-இல், மின் நிறுவனம் ஈட்டலாம் என ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த தொகை விற்பனை அளவைப் பொறுத்து மாறாதபடி விதி வகுத்தார்கள். குறைந்ததைப் பின்னர் கட்டணத்தில் சரிசெய்துகொள்ளலாம். இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், திட்டம் துண்டுப்பிரசுரத்தோடு நின்றுவிட்டால் நான் வியப்படைய மாட்டேன். மானியமும் தானமல்ல, பெரும்பாலும் எல்லா நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும் திரட்டப்படுவதுதான். ஆகவே, ஏற்கெனவே நீங்களும் பங்களித்துவிட்ட ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

சோதனைக்கு வருபவர் கருவிகளுடன் வருகிறாரா என்று பாருங்கள். முறையான சோதனையில் வாசல் நிலையில் ஒரு மின்விசிறியைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்து, வெளிக்காற்றைவிட 50 பாஸ்கல் குறைவான அழுத்தத்தை உண்டாக்குவார்கள். அப்போது சன்னல் சட்டத்தின் ஓரத்திலோ, மின்குழாய் சுவருக்குள் நுழையும் துளையிலோ புகைக்குச்சியைப் பிடித்தால், புகை அலையும் விதமே கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் கசிவை அடைத்து, கூரைக்கு வெப்பக்காப்பு இட்டு, அதன் பிறகே குளிர்சாதனத்தை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் தேவைக்கு மீறிய பெரிய இயந்திரத்தை வாங்க நேரிடும். வந்தவர் எடுத்த எடுப்பில் இயந்திரத்தின் விலைப்பட்டியலை நீட்டினால், அவரை விற்பனையாளராகவே கருதுங்கள். எரிவாயு அடுப்போ வெந்நீர்க் கொதிகலனோ இருக்கும் வீட்டில், கசிவை அடைத்த பின் புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்பதையும் சோதித்தாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்குவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நான் வாடகைக்குக் குடியிருப்பவர். எனக்கு இதனால் பயன் உண்டா?

பதில்: குறைவுதான், இத்திட்டங்களின் பெருங்குறையும் அதுவே. வெப்பக்காப்புக்குச் செலவிட வேண்டியவர் வீட்டுக்காரர், கட்டணம் குறைந்து பயனடைபவர் நீங்கள் என்பதால் அவருக்கு அக்கறை பிறப்பதில்லை. செலவை நிறுவனமே ஏற்று, மாதக் கட்டணத்துடன் சேர்த்துச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறும் முறை உங்கள் பகுதியில் இருந்தால் விசாரியுங்கள். அந்தக் கடன் உங்கள் பெயரில் இருக்குமா, அல்லது மீட்டரோடு சேர்ந்து அடுத்துக் குடிவருபவருக்குப் போகுமா என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.