கூடாரம் ஒத்துவருமா?

கேள்வி: ஜூலையில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். அறுபதைத் தாண்டிய எங்களுக்குச் சரிப்படுமா?

பதில்: அவர் சொல்வது ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம். 1971 அக்டோபரில் டிஸ்னி வேர்ல்ட் திறந்த அடுத்த மாதமே இதுவும் வந்துவிட்டது. வில்டர்னஸ் என்றால் காடாயிற்றே என்று மிரள வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் மின்சாரமும் தண்ணீரும் உண்டு, கொஞ்சம் நடந்தால் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம்கூட இருக்கிறது. மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் படகிலேயே போய்விடலாம், பிள்ளைகளுக்கு அந்தப் படகுப் பயணமே பாதித் திருவிழா. ஆனால் ஏரியில் கால் நனைக்க விடாதீர்கள், அங்கே முதலைகள் உண்டு.

எனக்கு உறுத்துவது ஜூலைதான். பகலில் கூடாரத்துக்குள் இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் பல நாள் இடியோடு மழை கொட்டும், ஈரச் செருப்போடு ஒரு பிள்ளை உள்ளே ஓடி வந்தால் போதும், ராத்திரி நீங்கள் படுக்கும் விரிப்பெல்லாம் சொதசொததான். அதே வளாகத்தில் ஏசி வைத்த சிறு வீடுகளும் வாடகைக்கு உண்டு. செலவு கூடத்தான், ஆனாலும் மாப்பிள்ளையிடம் கூச்சப்படாமல் அதைக் கேளுங்கள். கூடாரம்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றால், சரி, பயணத்தை டிசம்பருக்குத் தள்ளச் சொல்லுங்கள்.