ஐடிஐயா, பாலிடெக்னிக்கா? ஃபிட்டர் வாத்தியாரிடம் கேளுங்கள்

காவிரி டெல்டாவில் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில், இயந்திர பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: பையன் பத்தாவது பாஸ். எதில் சேர்ப்பது சார்?

கணக்கில் எப்படி அம்மா? பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மூன்று வருடம். முதல் வருடம் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று பள்ளிக்கூடம் மாதிரியே போகும். அங்கே அரியர் விழுந்து தளர்ந்துபோகிற பிள்ளைகள் நிறைய. ஸ்பேனர் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிறவன் என்றால் ஐடிஐதான். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர் ஒரே வருடம். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. ஐடிஐயோடு படிப்பு முடிந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பாபநாசம்: எட்டாவதோடு நின்றுவிட்டேன் ஐயா.

வெல்டர், ஒயர்மேன் இரண்டுக்கும் எட்டாவது போதும் தம்பி.

வேதாரண்யம்: செலவு எவ்வளவு ஆகும்?

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தனி: பெண்களுக்குப் புதுமைப் பெண், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

திருத்துறைப்பூண்டி: ஊரை விட்டுப் போக மனசில்லை. இங்கே தொழிற்சாலையே இல்லையே சார்?

தொழிற்சாலை இல்லை, சரி. இயந்திரம் இல்லையா? தை மாதம் சம்பா அறுவடையில் நின்று பாருங்கள். ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வந்த பெல்ட் வண்டி (சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) நடுவயலில் ஹைட்ராலிக் ஹோஸ் (எண்ணெய் அழுத்தக் குழாய்) வெடித்து நிற்கும். மேலே மேகம் திரளும், வயல்காரர் மெக்கானிக்கைத் தேடி போனும் கையுமாக அலைவார். அந்த நேரத்தில் வேலை தெரிந்தவன் கேட்டதுதான் கூலி. டிராக்டர் மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகளை நம் பிள்ளைகள் ஏன் இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தால் குறுவை முழுக்க ஓய்விருக்காது.

அரிசி ஆலையையும் விடாதீர்கள். பாய்லர், டிரையர், எலிவேட்டர் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்க 2020இல் வந்த சட்டம் ஹைட்ரோகார்பன், தோல் பதனிடும் ஆலை வகையறாவைத்தான் தடுக்கிறது, நெல் அரைப்பதை அல்ல. தஞ்சாவூரில் இருக்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமே 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான்.

கும்பகோணம்: அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) போனால் வேலை நிரந்தரமா?

இல்லை. ஆனாலும் போ தம்பி. பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை மாதிரி இடங்களில் அறிவிப்பு வரும், விடாமல் பார். அங்கே பழகும் கையை வகுப்பறையில் யாராலும் கொடுக்க முடியாது.

மயிலாடுதுறை: தனியார் கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வருகிறார்கள்.

வேலை நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துக்குக் கீழே இரும்புச் சுருள் கிடந்தால் நடக்கிற இடம். பெயிண்ட் மின்னினால் காட்சிக்கு வைத்தது. உங்கள் பிரிவுக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கல்லூரிக்கு இருக்கிறது என்று மழுப்புவார்கள். அசல் சான்றிதழைப் பணம் கட்டும் முன்பே கேட்டால் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.